தாய்லாந்தில் டீச்சர் வேலை: வெள்ளி வரை பள்ளி, சனி ஞாயிறு ரயில்

ஆங்கிலத்தில் எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்துவிட்டு, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு மாரடித்துக்கொண்டிருக்கும் பலருக்கு இந்த யோசனை ஒருமுறையாவது வந்திருக்கும்: இதே ஆங்கிலத்தை வெளிநாட்டில் போய்ச் சொல்லிக்கொடுத்தால் என்ன? வெள்ளைக்காரப் பிள்ளைகள் கல்லூரி முடித்த கையோடு ஆசியாவுக்கு வந்து, ஓராண்டு பாடம் நடத்தி, சனி ஞாயிறுகளில் ஊர் சுற்றிவிட்டுப் போகிறார்கள். நாமும் செய்யலாம். ஆனால் அவர்களுக்குத் திறக்கிற கதவெல்லாம் நமக்குத் திறக்காது. எது திறக்கும், என்ன விலைக்குத் திறக்கும் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரிட்டன் தொடங்கி ஏழு நாட்டுக்காரர்களை மனத்தில் வைத்து உண்டானது. இந்தியருக்கு வர்த்தக ஒப்பந்தத்தின் வழியே ஒரு சின்ன சந்து இருக்கிறது, அவ்வளவுதான். ஜப்பான் பள்ளிகளுக்கு வெளிநாட்டு இளைஞர்களை அழைக்க 1987 முதல் நடந்துவரும் ஜெட் திட்டத்திலும் பெரும்பங்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளுக்கே போகிறது. சீனாவும் கடவுச்சீட்டைத்தான் முதலில் பார்க்கிறது. இந்த வரிசையில் நம்மவர்கள் நேர்வழியில் நுழையக்கூடிய நாடு தாய்லாந்து. அங்கே ஒரு பட்டமும், ஆங்கிலத் தேர்வு ஒன்றில் போதுமான மதிப்பெண்ணும் இருந்தால் விதிப்படி நீங்கள் ஆங்கில ஆசிரியர் ஆகலாம். டோயிக் என்றால் 600, ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் 5.5 என்பது பொதுவாகக் கேட்கப்படும் அளவு. எம்.ஏ. படித்தவருக்கு இது பெரிய மலை இல்லை.

இனிக் கசப்பான பகுதி. விளம்பரங்களில் பாதி ‘நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்’ என்றுதான் இருக்கும். விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்பார்கள், ஏன் கேட்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. மாகாண ஊர்களின் அரசுப் பள்ளிகளில் வெள்ளைக்காரருக்கு மாதம் 35,000 பாத் என்றால், பிலிப்பைன்ஸ், இந்தியா, கேமரூன் என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் 20,000 பாத்தை ஒட்டித்தான் பேசுவார்கள். ஒரே ஆசிரியர் அறை, ஒரே பாடவேளைகள், சம்பளம் மட்டும் பாஸ்போர்ட்டைப் பார்த்து! அநியாயம்தான். அதை ஒரு தனி ஆசிரியரால் மாற்ற முடியாது. பேரம் பேசலாம், பி.எட்.டும் அனுபவமும் இருந்தால் கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாம், தனியார் இருமொழிப் பள்ளிகளில் இதைவிட நல்ல சம்பளமும் கிடைக்கும். ஆனால் முதல் வேலையிலேயே அது அமைவது அபூர்வம்.

20,000 பாத் என்பது நம் பணத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். சின்ன ஊரில் அறை வாடகை நாலாயிரம், ஐந்தாயிரம் பாத். தெருவோரக் கடையில் ஒரு தட்டுச் சோறும் கறியும் 50, 60 பாத். கரண்ட், போன், வண்டி வாடகை எல்லாம் போனால் ஒழுங்காக இருப்பவர் கையில் மாதம் ஐந்தாறாயிரம் பாத் நிற்கும், அதையும் பயணம் தின்றுவிடும். ஆகவே தங்கை கல்யாணம், வீட்டுக் கடன் என்று தலைக்குமேல் பொறுப்பு இருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். வளைகுடா நாடுகளில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் இருக்கின்றன, அங்கே முயன்று பாருங்கள். தாய்லாந்து வேலை சேமிக்கிறவர்களுக்கு இல்லை. இருபதுகளில், கடன் இல்லாமல், ஓரிரு ஆண்டு வேறொரு நாட்டில் வேலை பார்த்து வாழ்ந்து பார்க்க நினைப்பவர்களுக்கான வேலை அது.

காகிதம் முதலில், டிக்கெட் பிறகு

இந்தியர்கள் தாய்லாந்துக்குச் சுற்றுலா போவது எளிது. அந்த எளிமைதான் ஆபத்து. “சும்மா டூரிஸ்டாக வாருங்கள், வந்த பிறகு எல்லாம் மாற்றிக்கொள்ளலாம்” என்று சொல்லும் ஏஜென்சிகள் உண்டு. சுற்றுலா அனுமதியில் வகுப்பெடுப்பது சட்டவிரோதம், பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் உங்களுக்குத்தான், ஏஜென்சிக்கு இல்லை. பள்ளி தரும் கடிதத்தைக் காட்டி ‘நான்-இமிகிரன்ட் பி’ விசா வாங்கிக்கொண்டு போவதே சரியான வழி. அது முதலில் 90 நாளுக்குக் கிடைக்கும். பிறகு வேலை அனுமதி வாங்கி, 1,900 பாத் கட்டி, குடியேற்ற அலுவலகத்தில் ஓராண்டுக்கு நீட்டிக்க வேண்டும். அதற்குப் பிறகும் 90 நாளுக்கு ஒருமுறை “நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்” என்று தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் அபராதம்.

ஊரிலிருந்து எடுத்துப்போக வேண்டியவை: பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் போலீஸ் சான்றிதழ். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், தாய்லாந்துத் தூதரகம் என்று மூன்று படி ஏறி முத்திரை வாங்கச் சொல்வார்கள். பட்டம் உண்மைதான் என்று பல்கலைக்கழகத்திடமிருந்து தனியாகக் கடிதமும் கேட்கக்கூடும். நம் பல்கலைக்கழகங்களின் வேகம் உங்களுக்கே தெரியும். அங்கே போனபின் மருத்துவச் சான்றிதழ் ஒன்று வேண்டும்: காசநோய், தொழுநோய், யானைக்கால், முற்றிய மேகநோய், போதைப்பழக்கம், குடிப்பழக்கம் எதுவும் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தெருமுனை கிளினிக்கிலேயே வேலை முடிந்துவிடும்.

‘க்ருசபா’ என்ற ஆசிரியர் மன்றம் ஒன்று இருக்கிறது. அதன் உரிமம் இல்லாதவர்களுக்குப் பள்ளியே இரண்டு ஆண்டுத் தற்காலிக அனுமதி வாங்கித் தரும். அதைக் காலமெல்லாம் புதுப்பிக்க முடியாது. இந்த இடத்தில்தான் நம் பி.எட். கைகொடுக்கிறது. ஆங்கிலம் கற்பிக்க இணையத்தில் வாங்கிய 120 மணிநேர டெஃபல் சான்றிதழோடு வந்திருக்கும் வெள்ளைக்கார இளைஞர் திண்டாடும்போது, முறையான ஆசிரியப் பட்டம் வைத்திருக்கும் நீங்கள் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் இருப்பீர்கள். நேர்காணலில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள், நம்மவர்கள் பலர் சொல்லவே மாட்டார்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் வேலை என்று அழைத்து, மே சொட் எல்லை வழியாக மியான்மரின் மியாவடிக்குக் கடத்தி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கொடுமை 2022 முதல் செய்திகளில் வந்துகொண்டிருக்கிறது. மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. பள்ளியின் பெயரும் இடமும் சொல்லாத வேலை, நேர்காணலில் வகுப்பு நடத்திக் காட்டச் சொல்லாத வேலை, விமான டிக்கெட் எடுத்துத்தரத் துடிக்கும் வேலை எதுவாக இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள். இங்குள்ள முகவர் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பள்ளிக்கு நேரடியாக ஒரு போன் போட்டால் பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது மாதக் கணக்கு. தாய்லாந்தில் முதல் பருவம் மே நடுவில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை, இரண்டாவது பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. பல ஏஜென்சிகள் பத்து மாதத்துக்குத்தான் கையெழுத்து வாங்கும், ஏப்ரலில் சம்பளம் கிடையாது. அக்டோபர் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, வேலை அனுமதிச் செலவு யாருடையது, சனிக்கிழமை ‘இங்கிலீஷ் கேம்ப்’ வைத்தால் கூலி உண்டா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்று நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வாய்வார்த்தையாக எல்லாம் உண்டு என்றார்கள், ஏப்ரல் வந்ததும் ஏஜென்சி போனையே எடுக்கவில்லை.

எட்டு மணிக் கொடியேற்றம்

பள்ளி நாள் வாசலில் தொடங்கும். வெளிநாட்டு டீச்சர் காலை ஏழரைக்கே கேட்டில் நின்று, வரும் பிள்ளைகள் கைகூப்பும்போது ‘குட் மார்னிங்’ சொல்ல வேண்டும். பெற்றோர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் பாதி சம்பளமே. சரியாக எட்டு மணிக்குத் தேசிய கீதம், கொடியேற்றம். அந்த நேரத்தில் ரயில் நிலையத்தில் இருந்தாலும் நின்றுவிட வேண்டும்.

வகுப்பில் நாற்பது, நாற்பத்தைந்து பிள்ளைகள். நீங்கள் நுழைந்ததும் எழுந்து நின்று, “குட் மார்னிங் டீச்சர், ஹவ் ஆர் யூ டுடே” என்று ராகம் போட்டுச் சொல்வார்கள். அந்த ராகத்தைத் தாண்டி ஒரு வாக்கியம் பேசவைப்பதுதான் உங்கள் வேலை. தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் வரும் மெய்யெழுத்தை முழுதாக ஒலிக்கமாட்டார்கள். ‘ஹவுஸ்’ என்பது ‘ஹவ்’ என்று நிற்கும், ‘ஸ்கூல்’ என்பது ‘சக்கூன்’ ஆகும். நம்மூரில் ‘இஸ்கூல்’ சொல்லும் பிள்ளையைத் திருத்திய அனுபவம் இங்கே உதவும். அவர்கள் மொழியில் பன்மைக்குத் தனி விகுதி இல்லை, காலத்துக்கு வினைச்சொல் மாறாது. அதனால் ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்றுதான் தொடங்குவார்கள். இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் அழகாகக் காப்பி எடுப்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். விளையாட்டு, அட்டை, பாட்டு, இருவர் இருவராகப் பேச்சு என்று போனால்தான் நடக்கும். நம் கான்வென்ட் பாணி அதட்டல் அங்கே எடுபடாது. ஆசிரியர் குரல் உயர்த்தினால் மதிப்பு குறைவது ஆசிரியருக்கே.

தேர்வில் தோற்கிறவர்கள் அநேகமாக இல்லை. மதிப்பெண் போதாவிட்டால் மறுதேர்வு, அதிலும் போதாவிட்டால் ஒரு நோட்டில் எதையாவது எழுதிக்கொண்டு வரச் சொல்லித் தேற்றிவிட வேண்டும். இதில் கொள்கைச் சண்டை போட்ட புது ஆசிரியர்கள் யாரும் ஜெயித்ததாகக் கேள்விப்படவில்லை. அதேபோல, பாடக்குறிப்போடு வகுப்புக்குப் போனால் அறை காலியாக இருக்கும், பிள்ளைகள் எல்லாம் விளையாட்டு விழா ஒத்திகையில் இருப்பார்கள். உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கோபப்படாமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மற்றபடி, ஆசிரியருக்கு அந்த ஊர் தரும் மரியாதை நாம் நம் தாத்தா காலத்தோடு தொலைத்துவிட்ட ஒன்று. ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை ‘வாய் க்ரூ’ என்று குருவணக்க நாள் வரும். பிள்ளைகள் வாழையிலையில் கூம்பு செய்து பூத்தட்டு கட்டிக்கொண்டு, முட்டிபோட்டு வரிசையாக வந்து டீச்சர் காலடியில் வைப்பார்கள். அந்தத் தட்டில் வழக்கமாகச் சேர்க்கிற மூன்றைப் பாருங்கள்: நாம் இட்லிப்பூ என்கிற வெட்சி, கத்தரிப்பூ, அறுகம்புல். வெட்சி மொட்டு ஊசிபோல இருப்பதால் கூர்மையான அறிவு. கத்தரிப்பூ தலை கவிழ்ந்திருப்பதால் பணிவு. அறுகு எங்கு மிதித்தாலும் தழைப்பதால் விடாமுயற்சி. பக்கத்தில் நிற்கும் கனடாக்கார டீச்சர் யாரையாவது கேட்டு அர்த்தம் தெரிந்துகொள்வார், உங்களுக்கு மூன்றும் ஊர்க் கொல்லையில் பார்த்தவை. நகரப் பள்ளிகளில் இப்போது ரோஜாவும் மல்லிகையுமாகக் கடையில் வாங்கிவிடுகிறார்கள், அது வேறு விஷயம்.

அரச குடும்பத்தைப் பற்றி வகுப்பிலோ முகநூலிலோ ஒரு சொல்லும் வேண்டாம். குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவில் ஒரு குற்றத்துக்கு மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை. வேடிக்கையாகச் சொன்னேன் என்பதெல்லாம் எடுபடாது.

எந்த ஊர் என்பதே எந்தப் பயணம் என்பது

வேலை தேடுகிறவர்கள் எல்லாரும் பாங்காக் கேட்கிறார்கள். என் கருத்து, ரயில் பாதையில் இருக்கும் ஒரு நடுத்தர ஊரைக் கேளுங்கள். பாங்காக்கில் வாடகை இரட்டிப்பு, வெள்ளி மாலை ஊரைவிட்டு வெளியேறவே இரண்டு மணி நேரம். மேற்கே நகோன் பதோம், வடக்கே அயுத்தயா, லொப்புரி, வடகிழக்கே நகோன் ராச்சசீமா. இந்த ஊர்களில் இருந்தால் சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்கு நடந்தே போய் ஏறிவிடலாம். மூன்றாம் வகுப்புச் சாதாரண ரயிலில் கட்டணம் மிகக் குறைவு. ஜன்னல் திறந்திருக்கும், ஒட்டும் சோறும் வறுத்த கோழியும் விற்றுக்கொண்டு பெண்கள் ஏறி இறங்குவார்கள்.

அயுத்தயா ஒரே நாளில் முடியும். 1767இல் பர்மியப் படை எரித்த தலைநகரம், செங்கல் கோபுரங்களுக்கு நடுவே சைக்கிளில் சுற்றலாம். மே குளோங்கில் தண்டவாளத்தின் மேலேயே சந்தை, ரயில் வரும்போது கூரையை மடக்குவார்கள். ஒருமுறை பார்த்தால் போதும், சுற்றுலாக் கூட்டம் தாங்காது. வடகிழக்கில் வேலை கிடைத்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பனோம் ரூங். அணைந்த எரிமலையின் உச்சியில் கெமர் மன்னர்கள் கட்டிய சிவன் கோயில் அது. ஆண்டில் சில நாட்கள் மட்டும் அதன் பதினைந்து வாசல்கள் வழியாகவும் சூரியன் நேர்கோட்டில் ஊடுருவும்.

தமிழராகப் போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம் காஞ்சனபுரி. பாங்காக்கின் தொன்புரி ஸ்டேஷனிலிருந்து காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு ஒரு சாதாரண ரயில் கிளம்பும். நகோன் பதோமில் இருப்பவர்கள் வழியிலேயே ஏறலாம். வெளிநாட்டவருக்கு டிக்கெட் 100 பாத். க்வாய் பாலத்தைத் தாண்டியதும் பாதி வெள்ளைக்காரர்கள் படம் எடுத்த திருப்தியில் இறங்கிவிடுவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் தாம் க்ரசே வரும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவே மரக்கட்டைகளை அடுக்கி நிறுத்திய பாலம். வண்டி ஆமையாகிவிடும். கை நீட்டினால் பாறை தட்டும், கட்டைகள் முனகுவது காதில் விழும்.

அந்தப் பாதையை 1942-43இல் ஜப்பானிய ராணுவம் பர்மாவுக்குப் போட்டது. 415 கிலோமீட்டர். போர்க்கைதிகளாக அறுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள், அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மடிந்தார்கள். ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படம் அவர்களின் கதை. ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வேலை செய்தவர்களும் செத்தவர்களும் ஆசியக் கூலிகள். அவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி அழைத்தார்கள், ஆள் வராதபோது தோட்டம் தோட்டமாக வளைத்துப் பிடித்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாக அள்ளிக்கொண்டு போனது. மலேசியத் தமிழர்கள் இன்றும் அதைச் சயாம் மரண ரயில் என்றே சொல்வார்கள். காஞ்சனபுரி ஊருக்குள் பச்சைப் புல்வெளியும் வரிசைக் கற்களுமாக ஒரு போர்க் கல்லறை இருக்கிறது. 6,982 பேர், எல்லாரும் போர்க்கைதிகள். அந்தத் தமிழ்க் கூலிகளில் ஒருவர் பெயர்கூட அங்கே இல்லை. அருகிலுள்ள வாட் தாவோன் வராராம் கோயிலில், கூலிகளாகச் செத்தவர்களுக்கு மலேசியத் தமிழர்கள் முயற்சியில் 2023இல் நடுகல் எழுப்பப்பட்டது. கல்லறையைப் பார்த்துவிட்டு அங்கேயும் போய் நின்றுவிட்டு வாருங்கள்.

பயணத்தில் வேலையைக் காவு வாங்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. நீண்ட வார இறுதி வந்தால் நோங் காய் வரை இரவு ரயிலில் போய், நட்புறவுப் பாலம் கடந்து லாவோஸின் வியன்டியனுக்குப் போய்வர எல்லாருக்கும் ஆசை வரும். ‘ரீ-என்ட்ரி பெர்மிட்’ வாங்காமல் எல்லையைத் தாண்டினால், ஓராண்டுக்கு நீட்டித்த உங்கள் விசா அந்த நிமிடமே செத்துவிடும். ஒருமுறைக்கு 1,000 பாத், பலமுறைக்கு 3,800. பிரியாவிடை விருந்து இல்லாமலே வேலை போன ஆசிரியர்களில் பலர் இந்தச் சீட்டை மறந்தவர்கள். ஞாயிறு இரவு ரயிலில் திரும்பி, திங்கள் காலை ஏழரைக்கு நேரே கேட்டுக்குப் போவதும் ஒருமுறைக்கு மேல் செய்யக்கூடாத காரியம்.

வாடகை ஸ்கூட்டரில் ஹெல்மெட் இல்லாமல், உரிமம் இல்லாமல் போகாதீர்கள். சாலை விபத்துச் சாவுகளில் தாய்லாந்து உலக அளவில் முன்வரிசையில் இருக்கும் நாடு. உரிமம் இல்லாதவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் கைவிரித்துவிடும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு: மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று போட்டிருக்கும் கடையைத் தேடுங்கள். மற்ற கடைகளில் காய்கறி வறுவல் என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள், அதை அவர்கள் அசைவமாகவே கருதுவதில்லை.

புதுக் கல்வியாண்டுக்கு ஆள் எடுப்பது மார்ச்சில் சூடு பிடிக்கும், மே நடுவில் பள்ளி திறந்துவிடும். இரண்டாம் பருவத்துக்கான இடங்கள் செப்டம்பர், அக்டோபரில் வரும். சான்றிதழ் முத்திரைகளுக்கே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், மே மாதம் வகுப்பில் நிற்க நினைப்பவர்கள் பொங்கல் முடிந்த கையோடு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.